மாத்திரை வாங்க அடுத்த ஊருக்கு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து வருஷக்கணக்கில் தள்ளிப் போட்டுவிட்டேன். எனக்குப் படிப்பு குறைவு. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதில் என் மகள் கஸ்தூரியும் இருக்கிறாள், வேறொரு வீட்டுப் பிள்ளையும் இருக்கிறார். மகளைக் கேட்டபோது, "தாராளமா எழுதும்மா, பேரைக்கூடப் போட்டுக்கோ" என்றாள். அந்தப் பிள்ளையைக் கேட்க எனக்கு வழியில்லை. அதனால் அவர் பெயரை எழுதவில்லை. சாமியை வேண்டிக்கொண்டு மற்றதை எழுதுகிறேன். மலேசியாவில் இருக்கும் என் சொந்தங்களும், என்னைப் போல் இந்தப் பக்கம் வாழ வந்தவர்களும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒன்றைப் பார்த்து நான் ரொம்ப நாள் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் வலிப்பு உள்ளவர்களுக்காக ஒரு கூட்டம் நடக்கும். டாக்டர் வருவார், மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள், உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். கடலூரில் ஒரு சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில். சிதம்பரத்தில், முகூர்த்தம் இல்லாத நாள் பார்த்து, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில். காலையில் சிதம்பரத்துக்காரர்கள் பஸ் ஏறிக் கடலூர் கூட்டத்துக்குப் போவார்கள். கடலூர்க்காரர்கள் பஸ் ஏறிச் சிதம்பரத்துக்கு வருவார்கள். நடு வழியில் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். வீட்டுப் பக்கத்திலேயே மருந்து இருக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் போவது எதற்கு? சொந்த ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் புவனகிரிக்காரர். கிள்ளானில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்ய வந்தார், என்னைக் கட்டிக்கொண்டார். சுனாமி வந்த வருஷம், அதற்குச் சில மாதம் முன்னால், எங்களைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பி, சிதம்பரத்தில் சின்னதாக இட்லிக் கடை போட்டார். கஸ்தூரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழு வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு.

மலேசியாவில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நான் பிறந்த தோட்டத்தில் இதைப் பேய் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கிளினிக்கில் ஒரு மலாய்க்கார மிஸ்ஸி இருந்தார். நர்சை நாங்கள் அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: பிள்ளையைச் சுற்றி இருக்கிற எல்லாரிடமும் சொல்லிவிடு, சொன்னால்தான் விழும்போது பிடிப்பார்கள். அப்படியே செய்தேன். பள்ளியில் சொன்னேன், பாசாரில் காய்கறி விற்பவரிடம்கூடச் சொன்னேன். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

சிதம்பரத்துக்கு வந்த முதல் வாரம், புது வீட்டு வழக்கப்படி கேசரி கிண்டி அக்கம்பக்கம் கொண்டுபோனேன். பேரைச் சொன்ன கையோடு அதையும் சொன்னேன். "என் மகளுக்கு வலிப்பு வரும்லா. வந்தா பயப்படாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் திணிச்சிடாதீங்க."

எதிர் வீட்டு அம்மா தட்டை வாங்கி வாசற்படியிலேயே வைத்துவிட்டார்.

"ஏம்மா, பொட்டப் புள்ளய வச்சிக்கினு இதெல்லாம் வாசல்ல நின்னு சொல்லுவாங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை, நிஜமான திகைப்புதான் இருந்தது.

"ஏன், உங்களுக்குத் தெரிஞ்சா நல்லதுதானே?"

"எங்களுக்கு எதுக்கும்மா தெரியணும்?"

சாயங்காலம் தட்டு திரும்பி வந்தது. கேசரி அப்படியே இருந்தது. அதன் பிறகு அந்தத் தெருவில் கஸ்தூரியோடு விளையாட யாரும் வரவில்லை. பள்ளியில் அவள் விழுந்தபோது, ஒருக்களித்துப் படுக்க வைக்க ஆள் இல்லை. கையில் சாவிக்கொத்தைத் திணித்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். உள்ளங்கை கிழிந்து வந்தாள். என் வீட்டுக்காரர் அன்று என்னிடம் கத்தவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, "ஊரு பூரா சொல்லிக்கினு வந்தியே, எவளாவது புடிச்சாளா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு இருந்த ஒரே இடம் கோயில். தினமும் நடராசரைப் பார்க்காமல் நான் சாப்பிட மாட்டேன். ஒரு நாள் சன்னதியில் நான் அழுவதைப் பார்த்துப் பூ விற்கும் அம்மா ஒருவர் ஆறுதல் சொன்னார். "சாமி காலுக்குக் கீழ கெடக்கறான் பாரு, அவந்தான் முயலகன். வலிப்பு நோவே அவந்தாம்பாங்க. சாமி அவன மிதிச்சிக்கினு நிக்கிறாரு, நீ ஏன் கவலப்படற?" எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. இத்தனை ஊர் இருக்க, இந்த ஊருக்கு ஏன் வந்தோம் என்பது புரிந்தது போல் இருந்தது. கஸ்தூரியும் கூடத்தான் நின்றிருந்தாள். கீழவீதி தாண்டும்போது கேட்டாள்.

"அப்ப சாமி மிதிக்கிறது என்னையாம்மா?"

அன்று முதல் தீபாராதனை காட்டும்போது என் கண் முதலில் கீழே கிடப்பவனிடம்தான் போகிறது. அவன் மீதும் அந்த வெளிச்சம் விழுகிறது.

கூட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் மாத்திரை வாங்கும் மெடிக்கல் ஷாப் பாய். "கடலூர்ல நடக்குது, அங்க போங்கம்மா. செலவும் இல்ல, நம்ம ஊரு ஆளுங்க கண்ணுலயும் பட மாட்டீங்க" என்றார். இரண்டாயிரத்து ஏழில் முதல் தடவை போனேன். ஹாலுக்குள் நுழைந்தால், சிதம்பரம் மார்க்கெட்டில் தினமும் பார்க்கிற முகங்கள். ஒருவரும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அங்கே பேர் கேட்பதில்லை. பார்த்ததை வெளியே சொல்வதும் இல்லை. இரண்டு ஊர்க் கூட்டத்துக்கும் பொறுப்பான ரோசி டீச்சர் என் கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க ஏன் பஸ் செலவு பண்ணிக்கினு இங்க வர்றீங்க? ஒங்க தெருவுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிபோச்சே. சிதம்பரத்துல எனக்கு ஒரு ஆள் வேணும், வந்து ஒக்காருங்க" என்றார். சிரித்துவிட்டேன். இங்கே வந்து நான் சிரித்தது குறைவு.

அப்படித்தான் மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் என் வேலை ஆரம்பித்தது. தேநீர் போடுவேன். புதிதாக வரும் தாய்மார் பக்கத்தில் உட்கார்ந்து, இரும்பு கொடுக்காதீர்கள், விரதம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்வேன். மேலே தோரணம் வாடித் தொங்கும். "மலேசியாக்கா, டீயில சக்கர ஜாஸ்தி. இருக்கற வியாதி போதாதா எங்களுக்கு?" என்று மீனவர் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் கேலி செய்வார். அந்த ஹாலில் மட்டும் நான் வெளியூர்க்காரியாக இல்லை.

கஸ்தூரிக்குப் பத்தொன்பது வயதில் வரன் வந்தது. எங்கள் தெருப் பேச்சு எட்டாத தூரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரர், கடலூருக்கு மேற்கே கரும்பு வண்டிகள் போகும் சாலையில் ஒரு ஊரைப் பிடித்திருந்தார். பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. தண்ணீர் கொடுத்த கஸ்தூரியிடம், "மலேசியாவுல பனி பெய்யுமாங்க?" என்றார்.

"பனியா? வேர்த்து ஊத்தும்" என்றாள் இவள். அவர் சிரித்தார், அவருடைய அம்மாவும் சிரித்தார். "பொண்ணு சிரிச்சா நல்லாருக்குது" என்று அந்த அம்மா இவள் கன்னத்தைத் தொட்டார். எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துப்போயிற்று.

அவர்கள் போனதும் நான் சொன்னேன், "சொல்லிடலாங்க."

"பூ வைக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத. நடராசர் மேல ஆணை" என்றார். சரி என்றேன்.

அடுத்த கூட்டம் வந்தது. தேநீர்த் தட்டோடு திரும்புகிறேன், வாசலில் அந்த அம்மா. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டிருந்தார். பின்னால் மாப்பிள்ளை. அவர்கள் ஊர் கடலூர்ப் பக்கம். மாத்திரைக்கு அவர்கள் வரும் இடம் சிதம்பரம்தானே. எனக்கு அது அந்த நொடி வரை தோன்றவே இல்லை. முன்பு எப்போதாவது வந்திருப்பார்களா, நான் கவனிக்கவில்லையா, தெரியாது. தட்டை நீட்டினேன். மாப்பிள்ளை ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு, மெதுவாக, "நல்லாருக்கீங்களா அத்தை?" என்றார்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். மாத்திரை மேசையைப் பார்த்தார். "வாடா, தப்பா வந்துட்டோம். கல்யாணம் வேற மண்டபத்துல" என்று மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். தேநீர் குடிக்காமல் பெஞ்சில் இருந்தது. மாத்திரையும் வாங்கவில்லை.

இரண்டு நாளில் தரகர் போன் செய்து, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம் என்றார். கூட்டத்தில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் என் பெண்ணின் வாழ்க்கை ஆயிற்றே. சாமி முன் விளக்கேற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டில் இருவரிடமும் சொன்னேன். "நாமளே மொதல்ல சொல்லித் தொலச்சிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். கஸ்தூரி ஒன்றுதான் கேட்டாள்.

"அவர் மாத்திரை வாங்கிக்கிட்டாராம்மா?"

"இல்லம்மா."

அவள் அழுதது அப்போதுதான். மாத்திரை ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்று இந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்?

அடுத்த மாதமும் அவர்கள் வரவில்லை. கடலூர்க் கூட்டத்துக்கு அவர்கள் போக முடியாது, அது அவர்கள் ஆட்கள் நடமாடும் ஊர். எனக்குத் தூக்கம் போயிற்று. யாருக்கும் சொல்லாமல் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்கே போனேன். பக்கத்து வீட்டார் பார்க்க, அந்த அம்மா, "ஜாதகம் சேரலன்னு சொல்லி அனுப்பிட்டமேம்மா" என்று உரக்கச் சொல்லிவிட்டு, வழியனுப்புவது போல் என்னைத் தெருமுனை வரை கூட்டிவந்தார்.

"மாத்திரைய நிறுத்தாதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்" என்றேன்.

"நீங்க அங்க ஒக்காந்துருக்கற வரைக்கும் நாங்க எப்பிடி வர்றது?"

"எனக்குத் தெரிஞ்சா என்னங்க? என் மகளுக்கும் இதேதான். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சிருக்கு..."

அந்த அம்மா திடுக்கிடவில்லை. ஏற்கனவே ஊகித்திருக்க வேண்டும். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "நல்ல பொண்ணுதான். ஆனா ஒரு வூட்ல ரெண்டு பேரும் வுழுந்தா யாரு புடிக்கறது, சொல்லுங்க?"

"நான் இனிமே சிதம்பரத்துல இருக்க மாட்டேன். கடலூர்க் கூட்டத்துக்குப் போயிடறேன். நீங்க வாங்க" என்றேன்.

"சாமி சத்தியமா?"

"நடராசர் சத்தியமா."

அந்த மாதம் முதல் நானும் மற்றவர்களைப் போல ஞாயிறு காலையில் கடலூர் பஸ் ஏறுகிறேன். எதிரே சிதம்பரம் போகும் பஸ் வந்தால் ஜன்னல் ஓர முகங்களைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தப் பிள்ளை வந்தாரா என்று ரோசி டீச்சரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "அக்கா, அத நான் சொல்லக் கூடாது, நீங்களும் கேக்கக் கூடாது" என்றார். நான் எத்தனையோ பேருக்குச் சொன்ன விதிதான் அது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கஸ்தூரியை என் தம்பி கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டான். துணிக்கடையில் வேலை. ஒரு கூட்ட நாளில், நான் கடலூர் ஹாலில் இருக்கும்போது போன் செய்தாள். "வேலைக்குச் சேந்த அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா. விழுந்தா என்ன செய்யணும்னு கல்லாப் பக்கத்துல ஒரு தாள்ல எழுதி ஒட்டியிருக்காங்க. நீ சாப்பிட்டியா?" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கே போன பிறகு வலிப்பு வந்ததா என்று கேட்க வேண்டும். ஹாலில் இருப்பவர்கள் காதில் விழக் கூடாதே என்று வெளியே வந்தேன். தெருவிலும் ஆள் இருந்தது. போனை முந்தானைக்குள் மறைத்து, "அது... வந்துச்சா?" என்றேன். "எதும்மா? சத்தமாத்தான் கேளேன்" என்றாள் அவள், அந்தக் கரையிலிருந்து. என் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

இதைப் படிப்பவர்கள் யாருக்காவது அனுப்ப நினைத்தால், தயவுசெய்து ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள். கடைசியில் கல்யாணம் நடந்தது என்றோ, சாமி எல்லாவற்றையும் குணமாக்கிவிட்டார் என்றோ நல்ல மனதோடு சேர்த்துவிடாதீர்கள். முக்கியமாக ஊர்ப் பெயர்களை மாற்றாதீர்கள். எந்தக் கை வழியாவது இது அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேரலாம். நான் இப்போதும் கடலூரில்தான் உட்காருகிறேன், சிதம்பரத்துக்கு அவர் தாராளமாக வரலாம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.