சாரம் வீட்டுச் சத்தமில்லாப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். வெள்ளிக்கிழமை நான் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டி அணைந்துவிட்டது. சாரம் பகுதியிலிருந்து மதாம் போனில் அழாத குறை.

"தம்பி, மறுபடியும் அணைஞ்சுபோச்சு. பேரன் ஞானஸ்நானத்த நான் பாக்க முடியுமா, முடியாதா?"

மகன் பிரான்சில். மதாமுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் பயணம் முடியாது. கோயிலிலிருந்து நேரலையாக வருவதை ஹால் டிவியில்தான் பார்க்க வேண்டும். காதில் மெஷின் வேறு. பழைய கம்ப்யூட்டரின் ஃபேன் இரைச்சல் அதில் விழுந்து பேச்சே கேட்பதில்லை என்றார். நான் விடுவேனா? ஃபேனே இல்லாத பெட்டி கட்டினேன். மேல்மூடியே சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க், உள்ளே சுழலாத எஸ்எஸ்டி. லினக்ஸ் போட்டு, ஆன் செய்ததும் நேராக வீடியோ திரைக்கே போகும்படி அமைத்தேன். சுற்றுகிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. நான் கட்டியதிலேயே அதுதான் அழகு, இன்றும் சொல்வேன்.

அதுதான் அந்த வாரம் முழுக்க மானத்தை வாங்கியது. போய்ப் பார்த்தால் ஜம்மென்று ஓடும். பெட்டி தானே எழுதிவைக்கும் லாக்கில் மட்டும் சூடு தாங்காமல் நின்றதாக இருக்கும். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைக்கூட மாற்றிப் பார்த்தேன். மகன் வீடியோ காலில், "லினக்ஸ்லாம் எதுக்குண்ணே? ரெடிமேடா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்களேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

"நாளைக்கு வர்றேன் மதாம்" என்று அந்த வெள்ளிக்கிழமை போனை வைத்தேன். மனசு கேட்கவில்லை. சொல்லாமலேயே உடனே வண்டியை எடுத்தேன்.

பெட்டிமேல் தடிமனான வெள்ளைக் குரோஷே விரிப்பு, நான்கு பக்கமும் தொங்கியது. என்னைப் பார்த்ததும் மதாம் அதை அவசரமாக எடுத்து மடித்தார்.

"நீங்க வர்றப்பல்லாம் எடுத்து வச்சிடுவேன் தம்பி, வேலைக்கு எடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு. கான்வென்ட்ல கத்துக்கிட்ட பின்னல். வெறுமன வுட்டா வூடு நல்லாவா இருக்கு?"

ரேடியோ, போன், மிக்ஸி எல்லாவற்றுக்கும் அதே உறை. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மதாம், அது மூச்சு வுடுறதே தலை வழியாத்தான்!"

"அடப்பாவமே!"

அந்தப் பின்னலை உள்ளே வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழே விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்தேன். டிவி ஸ்டாண்டின் முன்பக்கம் லேஸ் அழகாகத் தொங்கியது. மதாமுக்குப் பரம திருப்தி.

ஞாயிறன்று நானும் போனேன். தண்ணீர் ஊற்றியதும் குழந்தை வீறிட்டது. மதாம் காதைத் தொட்டுக்கொண்டார். "அழுவுறான் தம்பி. நல்லாக் கேக்குது." எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் எந்த வீட்டில் பெட்டி வைத்தாலும், கிளம்பித் தெருமுனை வரை போவேன். ஸ்க்ரூடிரைவரை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்து, பெட்டிமேல் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசி டெஸ்ட் அதுதான்.