வரிசையில் கடைசி ஆட்டோ

விமானப் பயணிகள் குறைந்துபோன காலம். விமானிகள் எல்லோரும் சில பறப்புகளை விட்டுக்கொடுத்தால் இளையவர்களின் வேலை தப்பும் என்றது புதிய ஒப்பந்தம். வாரக்கணக்கில் நடந்த வாதங்களைக் கேட்டு அலுத்துப்போன மூத்த விமானி நான், குண்டசாலை வீட்டிலிருந்தே போனில் ‘வேண்டாம்’ என்று இரகசிய வாக்கை அனுப்பிவிட்டுக் கண்டிக்குக் கிளம்பினேன்.

ஸ்டாண்டில் கடைசியாக நின்ற செல்வத்தின் ஆட்டோதான் எனக்குப் பழக்கம். ஏறப்போனவனை அவர் தடுத்தார்.

“நான் காலையில ரெண்டு ஹயர் போயிட்டேன் சார். முன்னுக்கு நிக்கிறவருக்கு இன்னும் ஒண்ணுமே கிடைக்கல. அதுல போங்க.”

“அவர் புதுசுதானே?”

“புதுசுன்னா பசிக்காதா சார்?”

முன்னால் நின்ற ஆட்டோவில் போய் ஏறினேன். ஒப்பந்தம் என் ஆதரவு இல்லாமலே நிறைவேறியது. வேலை தப்பிய இளைய விமானிகள், நானும் ஆதரித்து வாக்களித்ததாக நினைத்து, இன்றும் என்னைக் கண்டால், “நன்றி கேப்டன்” என்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டுப் போகிறேன்.