கழுதைக் காது தேய்ந்த கதை

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சரி, சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். ஒப்புக்கொள்கிறேன், குறைக்கவில்லை என்பது மட்டும்தான் உண்மை. அதிகமாக இழுக்கவும் வழியில்லை. கதைக்கு உரிய ஓவியர் இதே சலூனில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மச்சான் நாற்காலியில், பாதி முகம் சோப்பு நுரையோடு.

ஓவியருக்கு ஊர் வைத்த பெயர் முறைச்சான். கோபக்காரர் இல்லை. ஒரு பிராணியை வரைய வேண்டுமென்றால் அதை முறைப்பார். அது திரும்பி அவரைப் பார்க்கிற வரை தூரிகையைத் தொடமாட்டார். அவர் தொழில் செய்கிற விதமே அதுதான். மாடிவீட்டுப் பூனையை முறைக்கப் போய், அந்த வீட்டம்மா ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார். வாத்துக்காகக் குளத்தங்கரையில் உட்கார்ந்து எழுந்தபோது சட்டைப் பையில் ஒரு தவளை பிள்ளைகுட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. செங்கல் சூளைக் கழுதையைப் பதினொரு நாள் முறைத்தார். பன்னிரண்டாம் நாள் கழுதையே அவரைத் தேடி வீட்டுக்கு வந்தது.

"வாசல்ல யாரு வந்திருக்காங்க பாருங்க, உங்க ஆளு" என்று மனைவி கதவைத் திறந்துவிட்டார்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவரிடம் ஒரு நீளச் சுவரைக் கொடுத்தார். சுவரோரம் வரிசையாகப் புதுப் பூந்தொட்டிகள். சுவரில் கழுதை, நாய், பூனை மூன்றும் வர வேண்டும்.

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க. இல்லேன்னா ஃப்ளெக்ஸ் அடிச்சு மாட்டிருவேன்."

ஊரில் ஃப்ளெக்ஸ் அடிப்பவர் ஒரே ஆள். மனைவியின் தம்பி, அதாவது இந்த மச்சான். சுவர் மச்சான் கைக்குப் போய்விட்டால், அதற்கப்புறம் கையால் ஒரு எலி வரையக்கூட யாரும் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று முறைச்சானுக்குத் தெரியும்.

கடைப் பெயின்ட் அவருக்கு ஆகாது. "கழுதைக்கு யாராவது வார்னிஷ் அடிப்பாங்களா?" என்பார். சுண்ணாம்புத் தூள், மைதாப் பசை, கலர்ப்பொடி மூன்றையும் தானே குழைப்பார். காய்ந்தால் தடவிப் பார்க்கத் தோன்றும், அப்படியொரு ரோமம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று பிராணிகளும் சுவரில் பாதிக்கு மேல் வந்துவிட்டன. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் கழுதையின் இடது காதில் நுனி இல்லை. செவ்வாய்க்கிழமை நாயின் விலாவில் கைக்குட்டை அகலத்துக்கு வெள்ளை. மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தார். பொடிப்பொடியாக வரிகள், வளைந்து வளைந்து. சீப்பால் சுரண்டியது போல.

சீப்பு! சட்டைப் பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பவர் யார்? நிமிடத்துக்கு முந்நூறு தடவை தலை வாருபவர் யார்?

அன்று சாயங்காலம் மச்சான் அக்காவைப் பார்க்க வந்தார்.

"மச்சான், அந்தச் சீப்பைக் கொஞ்சம் குடு."

"எதுக்கு மாமா? உங்க தலையிலதான் வார ஒண்ணும் இல்லையே!"

முறைச்சான் சீப்பை முகர்ந்தார். விளக்கருகே பிடித்துப் பல்லை எண்ணினார்.

"என் தம்பி அப்படிச் செய்வானா?" என்று மனைவி அதட்டினார்.

"அவன் செய்யமாட்டான். சீப்பு செய்யும்."

சீப்பை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார். வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் பூனைக்கு முதுகே இல்லை. "ரெண்டாவது சீப்பு வச்சிருக்கான்" என்று முடிவு கட்டினார். மச்சான் கொடுத்த டீயை முதலில் மச்சானையே ஒரு வாய் குடிக்கச் சொன்னார்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "சனிக்கிழமை விடியும்போது உங்க கூடவே வர்றேன். நான்தான்னு ஆச்சுன்னா மெஷினை மூடிட்டுச் சூளைக்குக் கல்லு சுமக்கப் போறேன். நான் இல்லேன்னா அக்கா முன்னாடி மன்னிப்பு கேக்கணும். சரியா?"

"சரி."

சனிக்கிழமை தூறல் விட்டிருந்த நேரம். மச்சான் நழுவிவிடாமல் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே முறைச்சான் போனார். ஈரச் சுவரில் எட்டாயிரம் நத்தைகள். பெஞ்சிலிருந்து முறைச்சான் கண்ணைக் காட்டுகிறார், சரி, முப்பது. ஒன்று கழுதைக் காதில் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சுண்ணாம்பை மேய்ந்துகொண்டிருந்தது.

"இதோ உங்க திருடன். கேளுங்க மன்னிப்பு!"

"உஷ்! ஆடாதே. அது திரும்பிப் பாக்கப் போவுது."

நத்தை திரும்பிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் முறைச்சானுக்குப் பொறி தட்டியது. நத்தை மேய்ந்த இடத்து ஓரம், சூளைக் கழுதையின் தோலில் இருந்த சொறி மாதிரியே இருந்தது. பதினொரு நாளும் அந்தச் சொறியைப் பார்த்தவர், படத்துக்கு அழகில்லை என்று விட்டுவிட்டார். இப்போது தேய்ந்த இடங்களில் இளஞ்சிவப்புத் தோலையும் ஓரத்தில் நாலைந்து மயிரையும் வைத்தார். நத்தை மறுபடி வாய் வைக்காமல் இருக்க வழி? மச்சான் கடைக்கு ஓடி ஒரு டப்பா கொண்டுவந்தார்.

"கழுதைக்கு வார்னிஷா மாமா?"

"வாயை மூடிட்டு அடி."

டாக்டரம்மா வந்து பார்த்தார். "இப்படித்தானே என் வாசலுக்கு வருதுங்க! பவுடர் பூசின படம் எனக்கு எதுக்கு?" சுவர் தப்பியது.

மன்னிப்பு? வாய் திறந்து கேட்கவில்லை. சுவரின் கீழ் மூலையில் ஒரு நத்தை வரைந்தார், அதன் ஓட்டில் ஒரு சீப்பு. அதுதான் மன்னிப்பாம்.

"எது, அதுவா மன்னிப்பு?" நாற்காலியில் இருந்து நுரை தெறிக்க மச்சான் திரும்பினார். "என் மூஞ்சியை நத்தைக்கு வச்சிருக்காரு! மீசையைப் பாருங்க!"

"ஒரு சின்ன சந்தேகம்" என்றார் சலூன்காரர், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "அந்தச் சுவர்ல ஒரு நாளும் நத்தை பாத்ததில்லையே. எங்கேருந்து வந்துச்சு?"

"பூந்தொட்டியில வந்திருக்கும்" என்றார் ஓரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தபால்காரர். "போன மாசம் அத்தனை தொட்டியும் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தது யாரு? நம்ம ஃப்ளெக்ஸ்காரர்தானே!"

பெஞ்ச் கிறீச்சிட்டது. முறைச்சான் எழுந்து மச்சானை முறைத்தார்.

"நல்ல எண்ணத்துலதானே மாமா குடுத்தேன்!"

"நத்தையோடயா?"

"முதல்ல என் சீப்பைக் குடுங்க!"

"அது சாட்சி, குடுக்கமுடியாது!"

"நான் பாத்ததைத்தான் சொன்னேன்" என்று தபால்காரர் கத்த, "உங்களை யாரு கேட்டா?" என்று இரண்டு பேரும் சேர்ந்து அவர்மேல் பாய, சலூன்காரர் நடுவில் புகுந்து, "அடேய், கத்தி, கத்தி, கையில கத்தி இருக்குடா!"