பெஞ்சிலிருந்து பார்த்த முழங்கால்

திண்டிவனத்தில் நடந்த புரொபஷனல் பாஸ்கெட்பால் போட்டிக்கு எங்கள் டீம் நைஜீரியாவிலிருந்து ஒரு கெஸ்ட் பிளேயரை அழைத்து வந்தது. அவர் வந்ததும் என் இடம் போனது. "அவர் இருக்கிறவரைக்கும் உனக்கு பெஞ்சுதான்பா" என்றார் கோச்.

அரையிறுதியில், பந்துக்கு எகிறிய அந்த கெஸ்ட் பிளேயர் முழங்கால் மடங்கி விழுந்தார். எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். நான் மட்டும், யாரும் கூப்பிடாமலேயே, டிராக் சூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வலியில் புரண்டவர் அதைப் பார்த்துவிட்டார்.

என்னை இறக்கினார்கள். ஜெயித்தோம். சாயங்காலம் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும்தான் போனேன். கோச்சைக் கூப்பிட்டதற்கு, "வேற கெஸ்ட்டுக்குப் பேசிக்கினு இருக்கேன், நீ பார்த்துட்டு வா" என்றார்.

"இவர் கூட யாருமே இல்லையே. நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்றார் நர்ஸ்.

"ஒரே டீமுங்க" என்றேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். கட்டிலில் கிடந்தவர் கையமர்த்தி, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "விடு. எனக்கும் முதல் சான்ஸ் இப்படித்தான் கிடைத்தது."

மறுநாள் ஃபைனலுக்கு பெங்களூரிலிருந்து புது கெஸ்ட் வந்துவிட்டார். நான் மறுபடி பெஞ்சில். ஆட்டம் முழுக்க என் கண் பந்தில் இல்லை. அந்தப் புது ஆளின் முழங்காலிலேயே இருந்தது. பயத்திலா, ஆசையிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.