சாதுவாகிப்போன பூஞ்சை

போன ஞாயிறு காலை எங்கள் அஸ்தினாபுரம் வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. மாடி போர்ஷனில் குடியிருந்த சுகன்யா காலி செய்கிறாள்.

பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரியில் பிஹெச்.டி. செய்துகொண்டிருந்த பெண். முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்து, ஸ்வீட்டோடு மாடியேறினேன்.

"முடிக்கலக்கா. விட்டுட்டேன்" என்றாள், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியபடியே.

ஸ்வீட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை...

கோதுமை இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சைதான் அவள் ஆராய்ச்சி. சென்னையில் ஏது கோதுமை என்று கேட்காதீர்கள் — நானும் கேட்டேன். "சப்பாத்தி சாப்பிடறோம்லக்கா!" என்றாள்.

பல மாநில வயல்களிலிருந்து பூஞ்சையைச் சேகரித்தாள். பார்க்க எல்லாம் ஒரே கறுப்பு. குணம்தான் வேறு வேறு. ஒன்று இலையில் நாலு புள்ளி வைத்துவிட்டு அடங்கிவிடும். இன்னொன்று செடியையே சாய்த்துவிடும். இருப்பதிலேயே கொடியதற்கு 'தாதா' என்று பெயர். தாதாவை எந்தக் கோதுமை ரகம் தாங்குகிறது என்பதுதான் தீசிஸ்.

முதல் சோதனையில் அநேகமாக எல்லா ரகமும் கருகின. முடிவை உறுதிசெய்ய இரண்டாம் தடவை சோதித்தபோது — எல்லாமே பச்சைப்பசேல்!

"எப்படிம்மா?"

"லேப்ல வருஷக்கணக்கா உருளைக்கிழங்கு ஜெல்லியில வளர்த்தேன். உட்கார்ந்த இடத்துல சாப்பாடு. இலையைத் தாக்கற சக்தியே போயிடுச்சு."

"சாதுவாயிடுச்சா? நல்லதுதானே!"

"வயல்ல இருக்கறது சாதுவாகலையேக்கா. இதை வச்சுப் பார்த்தா எல்லா ரகமும் பாஸ். அதை நம்பி யாராவது விதைச்சா?"

வழி இருந்தது. தாதாவை உயிருள்ள செடியில் விட்டு, பிரித்தெடுத்து, மறுபடி செடியில் விட்டு... பழைய வெறி மெல்லத் திரும்பவும் ஆரம்பித்தது. அதற்குள் ஃபெலோஷிப் காலம் முடிந்தது.

கைடு ஒரு குறுக்குவழி சொன்னாராம். "முதல் தடவை வந்த ரிசல்ட்டே ரெண்டாவது தடவையும் வந்துச்சுன்னு எழுதிடும்மா. யாரு செக் பண்ணப்போறாங்க?"

"வரலையே சார்னு சொன்னேன். அதோட பேசறதை நிறுத்திட்டாரு."

கூடுதல் அவகாசத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். போடவில்லை.

பூஞ்சைகளை அப்படியே குப்பையில் போடக்கூடாதாம். தான் வளர்த்த அத்தனையையும் தானே கொதிநீராவியில் வைத்துக் கொன்றிருக்கிறாள். "தாதாவைக் கடைசியா வச்சேன்" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழேயிருந்து டிரைவரின் குரல். "இன்னா மேடம், ஏத்தலாமா? வெயில் ஏறிகினே கீது!"

இனி அவளுக்குப் பொழிச்சலூரில் அவள் அக்கா வீட்டு ஹாலில் படுக்கை. தாம்பரத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் பயாலஜி வகுப்பு. வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்தேன்.

பொய் எழுதியிருந்தால் டாக்டர் பட்டமே கிடைத்திருக்கும். உண்மைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன்கூடக் கிடைக்கவில்லை!