ஜெசியின் வேண்டுதலும் முதல் டெஸ்ட்டும்

போன திங்கட்கிழமை நான் காலேஜுக்குப் போனேன்.

படிப்பதற்கு இல்லை, பயப்படாதீர்கள். பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் எதிர்வீட்டு ஜெசி எஸ்எஸ்எல்சி பாஸாகி, பியூசி முதல் வருஷம், அதாவது பிளஸ் ஒன், காமர்ஸில் சேர்ந்திருக்கிறாள். புதுப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஓர் அறிமுகக் கூட்டம். முதல் நாள் சாயங்காலமே அவளுடைய அம்மா பிலோமினா என் வாசலில் வந்து நின்றுவிட்டார். காக்ஸ் டவுன் அபார்ட்மென்ட்களில் வீடு வீடாகச் சமைக்கிறவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே விசாரித்ததில்லை.

"அண்ணா, நீங்களும் கூட வாங்க. அங்க இங்கிலீஷும் கன்னடமுமா மாத்தி மாத்திப் பேசுவாங்க. என் கன்னடம் மார்க்கெட் வரைக்கும்தான் தாங்கும்."

"அக்கா, நான் படிச்சதே ஒன்பதாவது வரைக்கும்தான்..."

"பேப்பர்ல எழுதறீங்க இல்ல? அது போதும். நல்ல சட்டையா போட்டுக்குங்க."

ஒன்பதாவது என்று சொன்னதுகூடக் கொஞ்சம் தாராளம்தான். அப்பா கட்டட மேஸ்திரி. வேலை எந்த ஊரில் நடக்கிறதோ, அந்த ஊரில் குடும்பம். ஓசூர், கோலார், ஹாசன்... ஒரு தடவை ஊர் திரும்பி வகுப்புக்குப் போனால், ரெஜிஸ்டரில் என் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. இத்தனை நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அன்றைக்கே ஒரு லாரியில் கிளீனராக ஏறிக்கொண்டேன். அப்புறம் சுற்றிய ஊர்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். வாராவாரம் நீங்களும் கூடவே வருகிறீர்களே!

ஆக, காலேஜ் ஹாலில் ஃபேன் காற்றுக்கு நேராக இடம் பிடித்து உட்கார்ந்தபோது, சும்மா ஒப்புக்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் லெக்சரர் பேசப் பேச, எனக்குள் ஏதோ துள்ள ஆரம்பித்தது.

எல்லாவற்றையும் சொல்கிறார்கள்! முன்கூட்டியே சொல்கிறார்கள்!

இங்கிலீஷோடு இன்னொரு மொழி எடுக்க வேண்டும். சப்ஜெக்ட் மாற்ற நினைத்தால் ஆரம்ப நாட்களிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும், பிறகு அழுதாலும் நடக்காது. இடையில் வரும் டெஸ்ட்டுகளின் மார்க்கும் கணக்கில் சேரும். அட்டெண்டன்ஸ் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக முக்கால் பங்கு இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்துச் சராசரி பார்க்க மாட்டார்கள். குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. பாடம் புரியவில்லை, வீட்டில் பிரச்சினை, மனசு சரியில்லை... எதுவானாலும் கவுன்சலர் ஷைலஜா மேடத்தைப் பார்க்கலாம். மேடம் எழுந்து கையாட்டினார்.

இதையெல்லாம் நான் எங்கே கேட்டிருக்கிறேன்? பள்ளிக்கூடத்தில் இல்லை. வேளாங்கண்ணி நடைப்பயணத்தில்!

ஆகஸ்ட் இருபது வாக்கில் எங்கள் ஏரியாவிலிருந்து காவித்துணி கட்டிக்கொண்டு, மாதா வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டம் கிளம்பும். செப்டம்பர் எட்டு மாதா திருவிழாவுக்குப் போய்ச் சேர இரண்டு வாரத்துக்கும் மேல் நடை. ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி, சேலம், திருச்சி என்று கடல் வரைக்கும். நானும் வருஷா வருஷம் ஒட்டிக்கொள்வேன். பாதி வழியில் ஏதாவது ஒரு கிளைச்சாலை கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் போய்விடுவேன், அது வேறு கதை. கிளம்பும் முன்னால் முதல்முறை வருகிறவர்களை உட்காரவைத்துச் சொல்லுவார்கள்: புதுச்செருப்பு போடாதே, இந்த இடத்தில் தண்ணீர் கிடைக்காது, காலில் கொப்புளம் வந்தால் மறைக்காமல் இன்னாரிடம் சொல்லு.

கொப்புளத்தை மறைக்காமல் சொல்வதற்கு ஓர் ஆள்! காலேஜில் அதற்கு ஒரு தனி அறையே வைத்திருக்கிறார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியும் விட்டேன். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் திரையில் வருஷத்து அட்டவணை வந்தது. முதல் டெஸ்ட், செப்டம்பர் ஆரம்பம்.

பக்கத்தில் ஜெசி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அங்கிள்... நடை."

விஷயம் இதுதான். பத்தாவதில் கடைசி மாடல் பரீட்சையில் ஜெசி கணக்கில் பெயில். அக்கா சமைக்கும் வீட்டில் ஒருத்தர், 'பொண்ணையும் வேலைக்கு அனுப்பறீங்களா?' என்று அப்போதே கேட்டுவிட்டார். அன்றைக்கு அக்கா சர்ச் வாசலில் நின்று, சந்தே கேட்கும்படி வேண்டிக்கொண்டார். 'மாதாவே, எம்பொண்ண பாஸாக்கி வுடு. நடத்தியே கூட்டியாறேன்.'

மாதா பாஸாக்கிவிட்டார். இப்போது நடக்கப் போனால் டெஸ்ட் போச்சு, அடியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும் அக்கவுண்டன்சி பாடம் போச்சு, அட்டெண்டன்ஸ் இடிக்கும். அப்புறம் காய்ச்சல், கல்யாணம் என்று இன்னும் சில நாள் போனால் ஹால் டிக்கெட்டே போச்சு. பாஸானதற்கு நன்றி சொல்லப் போய் படிப்பையே விடுவதா?

"வா, அந்த மேடத்தைப் பார்க்கலாம்" என்றேன்.

அக்கா எழுந்திருக்கவே இல்லை. "கவுன்சலிங் ரூமுக்கா? எம்பொண்ணு என்ன தப்பு பண்ணா? நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"தப்பு பண்ணாதான் போகணுமாம்மா? வாம்மா நீ" என்று ஜெசிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

அறைக்கு வெளியே இருந்த பெஞ்ச் காலி. யாருமே வரவில்லை.

"பன்னி பன்னி... வாங்கம்மா, உக்காருங்க" என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறினார் ஷைலஜா மேடம். பெங்களூரில் பிறந்து வளர்ந்த கன்னடக்காரர். தமிழ் அவருக்குத் தடுக்கவில்லை.

ஜெசி சொல்லி முடித்ததும் அக்கா முந்திக்கொண்டார். "மாதாகிட்ட வாக்கு குடுத்துட்டேன் மேடம். போக வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாளைக்கு புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

"மாதா விஷயத்துல நான் வாயே தெறக்க மாட்டேன்மா. எங்க வீட்லயும் மாதேஸ்வரன் மலைக்கு நடக்கறவங்கதான். காலேஜ் விஷயம் மட்டும் சொல்றேன். இவ அந்த நாள்ல போனா என்ன ஆகும், போகலன்னா என்ன ஆகும். முடிவு உங்களுது."

அட்டவணையை மேஜையில் விரித்து, விட்டுப்போகும் வகுப்புகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். பயமுறுத்தவில்லை. அறிவுரையும் இல்லை. அக்கா பென்சில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கட்டியது.

ஜெசியின் விரல் மெதுவாக நகர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது.

"அம்மா... தசரா லீவு. நடக்க நாள் போதும்."

"அப்ப கொடியே எறக்கியிருப்பாங்கடி."

"கொடி எறக்கினா மாதா கெளம்பிடுவாங்களா? திருவிழாவுக்கு மட்டும் வாடகைக்கா வந்திருக்காங்க?"

மேடம் அட்டவணையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"வாயப் பாரு, வாயப் பாரு! அடி விழும்" என்றார் அக்கா. ஆனால் சிரிப்பு அவருக்கும் வந்துவிட்டது. உடனே அடங்கியும் போனது. "அது சரிடி. கூட்டம் இருக்காது. பந்தல் இருக்காது. வழியில சோறு போடறவங்க இருக்க மாட்டாங்க. வயசுப் பொண்ண வெச்சுக்கிட்டு நான் ஒத்தையா அவ்ளோ தூரம்..."

அந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழி அட்டவணையில் இல்லை.

என்னிடம் இருந்தது!

"நான் வரேன்க்கா!" என்று கத்திவிட்டேன். "எனக்கு அந்த ரோடு பூரா தெரியும். எந்த ஊர் சர்ச்சுல பொம்பளைங்க தங்க எடம் குடுப்பாங்க, எந்த ஓட்டல்ல விடிகாலையே இட்லி கெடைக்கும்... எல்லாம் தெரியும். தஞ்சாவூர் பக்கம் மழை புடிக்கும், குடை வேணும். இன்னும் ரெண்டு மூணு குடும்பம் சேந்தா போதும்."

"இருக்கோம்" என்றது ஒரு குரல்.

திரும்பினால் கதவோரம் ஒருத்தர், ஆட்டோ டிரைவர் காக்கிச்சட்டையில். என் சத்தம் ஹால் வரைக்கும் போயிருக்கிறது. "எம்பையனுக்கும் இதே வேண்டுதல்தான் சார். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்." அவருக்குப் பின்னால் ஓர் அம்மா, கையில் ஜெபமாலை. அந்த அம்மாவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். காலியாக இருந்த பெஞ்ச் நிரம்பிவிட்டது. நடையைப் பற்றி மட்டும் இல்லை. ஒருத்தருக்கு மகள் எடுத்த சப்ஜெக்ட்டில் சந்தேகம், இன்னொருத்தருக்கு ராத்திரியெல்லாம் தூங்காத மகனைப் பற்றிக் கவலை. ஒருத்தர் உள்ளே போனால், அது பத்துப் பேருக்கு அனுமதி. நம் ஜனம் அப்படித்தானே?

விதியை முன்னால் சொன்னால் அது வழி. பின்னால் சொன்னால் தண்டனை. எனக்கு ஒரு சிவப்புக்கோடு பின்னால்தான் சொன்னது. ஜெசிக்கு ஜூன் மாதமே சொல்லிவிட்டார்கள். கையில் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை பங்கு சாமியாரிடமும் கேட்டாயிற்று. 'பிள்ளை படிக்கறதும் மாதாவுக்கு சந்தோஷம்தான், தசராவுல நடங்க' என்றாராம். அக்கா இப்போது தசரா குழுவின் தலைவி. சந்தில் நின்று ஆள் சேர்க்கிறார். காவித்துணி எடுத்தாயிற்று. முதல் டெஸ்ட் எழுதாதவர்களுக்குக் குழுவில் இடமில்லை என்று ஒரு சட்டமும் போட்டிருக்கிறார்.

நேற்று என் வாசலில் வந்து நின்றார்.

"பாதியில எங்கயாவது கெளம்பிட மாட்டீங்களே?"

"மாட்டேன்க்கா."

"பாஸானவ, அவ நடக்கறா. பெத்தவ, நான் நடக்கறேன். நீங்க எதுக்கண்ணா நடக்கறீங்க?"

யோசிக்காமலே சொன்னேன். "ஒரு தடவையாவது என் அட்டெண்டன்ஸ் முழுசா இருக்கட்டுமேக்கா!"