இருபத்திமூன்றாம் படி

தென்னை மரங்கள் நிற்கும் எங்கள் விளையின் மூலையில் ஒரு படிக்கிணறு உண்டு. கல் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப்போய்ப் பச்சைத் தண்ணீருக்குள் மறைந்துவிடும். அடியில் யாரோ குடியிருக்கிறார்கள் என்பது எட்டு வயதில் என் உறுதியான கருத்து. அதை மூடிவிட்டுக் கார் ஷெட் கட்ட வேண்டும் என்பது அப்பாவின் உறுதியான கருத்து. அப்போது எங்களிடம் கார் கிடையாது.

அந்தச் சித்திரையில், பழைய கிணறுகளை அளந்து படம் வரைந்து பதிவு செய்கிற ஒரு அக்கா பாறசாலையில் ரயிலிறங்கி வந்தாள். பதினான்கு படிகள் வெளியே தெரிந்தன.

"மொத்தம் எத்ர படியுண்டு?" என்று கேட்டாள்.

"அடிய யாரு கண்டா?" என்றார் அப்பா.

அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒரு மழைக்காலத்தில் புருஷன் வீட்டிலிருந்து தனியே திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். கிணற்றுப் பக்கமே வராதவள், அன்று கட்டன்சாயா கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டியபடியே சொன்னாள்: "இருபத்திமூணு உண்டு. கடைசிப் படியில எடது மூலை ஒடஞ்சு கெடக்கும்."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீந்தத் தெரியாத ஆளாக்கும்! எழுதிக்கிடுங்க."

மறுநாள் அவரே வீம்புக்கு மோட்டார் வைத்தார். தண்ணீர் இறங்க இறங்க, பாசி பிடித்த படிகள் தூக்கம் கலைந்தவைபோல ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெயில் கல்சுவரில் நெளிந்தது. நானும் தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது. பதினைந்து, பதினாறு என்று சத்தமாக எண்ணினேன். இருபத்திமூன்றோடு நின்றது. இடது மூலை உடைந்திருந்தது.

நான் கைதட்டினேன். அப்பா மெதுவாக இறங்கிப்போய் அந்த மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஏறி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, நாளைக்கே இத மூடணும்," என்றார் அத்தையிடம்.

"வேண்டாம் மக்கா," என்றாள் அத்தை. "வேற கிணறுன்னா நான் ஏறி வந்திருப்பேனா? இதுல படி உண்டுல்லா."

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதன்பிறகு கார் ஷெட் பேச்சே எழவில்லை. உடைந்த மூலையோடு சேர்த்து இருபத்திமூன்று படிகளும் அந்த அக்காவின் படத்தில் ஏறின.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "அத்தை, எண்ணினது எறங்கும்போதா, ஏறும்போதா?"

"ஏறும்போதாக்கும்," என்று சொல்லி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது எண்ண மறந்துவிட்டாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் எண்ணிக்கை அடிக்கடி மறந்துபோகும்.